ஒரு மழையும் இரண்டு செய்திகளும்

வைகாசி மாதத்தில் வன்னியில் எவரும் மழையை எதிர்பார்ப்பதில்லை. சித்திரையில் பிற்பகல் வேளைகளில் இடிமுழக்கத்தோடு பெய்யும் சிறுமாரி ஓய்ந்து, சோளகம் வீசத் தொடங்கும் காலம் அது. குளங்களின் நீர்மட்டம் இறங்கும். சிறுபோக வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் திறப்பார்கள். ஏ-9 வீதியின் இருமருங்கிலும் உள்ள பாலை மரங்கள் செம்மண் புழுதி பூசி நிற்கும். முல்லைத்தீவின் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்கு வைகாசி விசாகப் பொங்கலையொட்டிப் பல்லாயிரக்கணக்கான அடியார்கள் வெந்த மணலில் கால் பதித்து நடப்பதும் இக்காலத்தில்தான். கடல்நீரில் விளக்கெரியும் அந்தக் கோயிலில், கோடையின் வெம்மையும் அதனோடு வரும் அம்மை நோயும் தணியவேண்டுமென்பது தொன்றுதொட்டு வரும் வேண்டுதல்.

2016ஆம் ஆண்டின் வைகாசி முதல் வாரம் இந்த ஒழுங்கைக் குலைத்தது. மே 14ஆம் திகதி முதல் 21ஆம் திகதி வரையான எட்டு நாட்கள் அவை. அந்த நாட்களில் நான் நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் இருந்தேன். கிளிநொச்சி வெள்ளத்தைப் பற்றி ஒரு செய்தியையும், மலைநாட்டு மண்சரிவைப் பற்றி இன்னொரு செய்தியையும் செப்பனிட்டு வெவ்வேறு பக்கங்களுக்கு அனுப்பினேன். மலைச் செய்தி முதற் பக்கத்துக்குப் போனது. வன்னிச் செய்தி உட்பக்கத்துக்குப் போனது. இரண்டும் ஒரே செய்தி என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. காலந்தாழ்த்தியேனும் அதனைச் சேர்த்து எழுதவேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரை.

முதலில் காற்றைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். வடகிழக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வருவதைச் சோளகம் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வைத்தனர். மே மாதக் கடைசியில் வலுப்பெறும் தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. நாட்டின் நடுவே பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அம்மலைத் தொகுதியின் மேற்குச் சரிவு காற்றை மறித்து மேலேற்ற, அது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. கினிகத்தனை, வட்டவளைப் பகுதிகளில் ஓராண்டில் 5,000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை பெய்வது இதனால்தான். வன்னியை நோக்கி வரும் அதே காற்றை மறிக்க மன்னார்க் கரையிலிருந்து முல்லைத்தீவுக் கரை வரை ஒரு குன்றுகூட இல்லை. அது ஈரத்தைக் கீழே விடாமல் நிலத்தை உலர்த்திக்கொண்டு கடந்து செல்கிறது. ஆண்டுக்கு 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் வரை பெறும் வன்னி, அதில் பெரும்பங்கை ஐப்பசி முதல் தை வரையான நாட்களில் வாடையோடும் வங்கக் கடலின் தாழமுக்கங்களோடுமே பெறுகிறது. மலைக்கு வைகாசி மழை, வன்னிக்கு ஐப்பசி மழை. பல்கலைக்கழகத்தில் புவியியல் விரிவுரையில் நான் குறித்துக்கொண்ட பாடம் இது. வன்னி விவசாயிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எந்த விரிவுரையாளரும் தேவையில்லை.

அந்த வாரத்தில் நடந்தது வேறு. வங்கக் கடலின் தென்மேற்கில் உருவான ஒரு தாழமுக்கம் இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டியவாறு மெல்ல வடக்கு நோக்கி நகர்ந்தது. இத்தகைய சுழற்சிக்கு மழை பொழிய மலை வேண்டியதில்லை. தன் வலிமையாலேயே அது ஈரக்காற்றை மேலேற்றிக்கொள்ளும். மே 15, 16ஆம் திகதிகளில் கிளிநொச்சியில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை கொட்டியது. ஓராண்டு மழையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, மழைக்குரிய காலமல்லாத ஒரு நாளில் விழுந்தது என்றால் வாசகர்கள் அதன் கனதியை உணர்ந்துகொள்வர். தாழ்நிலங்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் இருந்தவர்கள் பாடசாலைகளுக்கும் பொதுமண்டபங்களுக்கும் இடம்பெயர்ந்தனர். போர் முடிந்து ஏழு ஆண்டுகள் நிறைவடையவிருந்த வேளையில், மீள்குடியேறிய மக்கள் மீண்டும் ஒருமுறை மூட்டை கட்டினர்.

அதே தாழமுக்கம் ஈரக்காற்றை மலையின் மேற்குச் சரிவுகளுக்கும் இழுத்துவிட்டது. மே 17, செவ்வாய்க்கிழமை பிற்பகல், கேகாலை மாவட்டத்தின் அரனாயக்கவில் சாமசர மலை சரிந்தது. சிரிபுர, எலங்கப்பிட்டிய, பல்லேபாகே ஆகிய மூன்று கிராமங்கள் மண்ணின் கீழ்ப் போயின. அதே நாளில் அதே மாவட்டத்தின் புலத்கொஹுபிட்டியவில் தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகள் மீது மண்மேடு விழுந்தது. அங்கு உயிரிழந்தோரும் காணாமற்போனோருமாகப் பதினாறு பேர். மேற்கே களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் கடுவலையும் நீரில் மூழ்கின. நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ அதே தொகையினர் மண்ணுக்குள் காணாமற் போயினர்.

மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் வடமாகாண முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரன் தலைமையில் நினைவேந்தல் நடைபெற்றது. மே 19 அன்று, இலங்கையை விட்டு விலகிய பின்னரே அத்தாழமுக்கம் புயலாக வலுப்பெற்று, ரோனு என்ற பெயரைப் பெற்றது. மாலைதீவு வழங்கிய அப்பெயருக்குத் திவெயி மொழியில் கயிறு என்று பொருள். தென்னைநாரில் திரிக்கும் கயிறு. மே 21, வெசாக் பௌர்ணமியன்று, அது வங்காளதேசத்தின் சிட்டகொங் கரையைக் கடந்தது. பெயர் பெறுவதற்கு முன்னரே அது இங்கே தன் வேலையை முடித்திருந்தது. அந்தக் கயிற்றின் ஒரு முனை கிளிநொச்சியிலும் மறுமுனை கேகாலை மலையிலும் இருந்தது என்று இப்போது எண்ணத் தோன்றுகிறது.

மலையையும் வன்னியையும் வானம் இவ்வாறு இணைப்பது அரிது. ஆறுகளும் இணைப்பதில்லை. இரணைமடுவுக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறும், பாலியாறும், பறங்கியாறும், பேராறும் வன்னிக் காடுகளிலேயே பிறந்து வன்னிக் கரைகளிலேயே கடலை அடைகின்றன. மலையில் பிறக்கும் மகாவலியோ 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அந்நீரை வடக்கே திருப்புவோம் என்று 1960களின் இறுதியிலிருந்து திட்டங்கள் வரையப்பட்டன. 1980களில் முல்லைத்தீவின் தென்கிழக்கே மணலாறு மகாவலியின் ‘எல்’ வலயமாக்கப்பட்டு வெலிஓயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. சிங்களக் குடியேற்றங்கள் வந்தன. மகாவலியின் பெயர் வந்தது. மகாவலியின் நீர் வரவில்லை.

மலையிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள் மனிதர்கள். வானமும் ஆறும் செய்யாத இணைப்பை அவர்களே செய்தனர். அந்தக் கதைக்கு இருநூறு ஆண்டு வயது.

1823இல் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியவில் முதலாவது வணிகக் கோப்பித் தோட்டம் தொடங்கிய பின், தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 240 கிலோமீற்றர் நடந்தனர். வன்னியின் தெற்கு விளிம்பை ஒட்டிய உலர்வலயக் காட்டு வழி அது. குடிநீரின்றியும், வாந்திபேதியாலும், மலேரியாவாலும் அவ்வழியில் மாண்டோர் ஆயிரமாயிரம். பின்னாளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. இரயில் பாதை வந்தது. நடைவழி காட்டுக்குள் மறைந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்தச் சமூகத்தை நாடற்றதாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் இரு நாடுகளுக்குப் பங்கிட்டது. 1970களின் நடுவில் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. 1977 ஓகஸ்டில் வன்முறை வந்தது.

அப்போது பல்லாயிரம் குடும்பங்கள் வடக்கு நோக்கி இறங்கின. 1958இலும் அதற்குப் பின்னரும் சிறு தொகையினர் வந்திருந்தனராயினும், 1977இன் பின்னரே அது பெருவரவாயிற்று. வவுனியாவைத் தலைமையிடமாகக் கொண்ட காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்த முன்வந்தது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகிய இருவரும் அதன் தூண்கள். 1983இல் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்த படுகொலையில் இராஜசுந்தரம் உயிரிழந்தார். அந்த ஜூலை வன்முறை இன்னொரு பெருந்தொகையினரை வன்னிக்கு அனுப்பியது. முல்லைத்தீவுக் காட்டோரத்துக் கென்ட், டொலர் பண்ணைகளில் குடியமர்ந்திருந்த மலையக மக்கள் 1984இல் வெளியேற்றப்பட்டு, அங்கே சிங்களக் கைதிகளும் அவர்களது குடும்பங்களும் குடியேற்றப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் அக்குடியேற்றத்தின் பெண்களும் சிறுவர்களும்கூடக் கொல்லப்பட்டனர். ஏழை ஒருவனை அகற்றி இன்னோர் ஏழையை அவ்விடத்தில் இருத்துவதன் விலையை அந்த மண் இருமுறை கண்டது.

கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம், தர்மபுரம், ஜெயபுரம் முதலிய ஊர்களில் மலையக மக்கள் பெருமளவில் வேரூன்றினர். இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடவேண்டும். 1930களிலிருந்து இரணைமடுவின் கீழும் ஏனைய குளங்களின் கீழும் அரசு அமைத்த குடியேற்றத் திட்டங்களில் நீர்ப்பாசன வயல்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குக் கிடைத்தன. பின்னர் வந்த மலையக மக்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வாய்க்கால் எட்டாத மேட்டுக்காணிகள், காட்டோரங்கள், குளத்தோரங்கள். பலர் பிறருடைய வயல்களில் கூலியாட்களாயினர். வெட்டித் திருத்திய காணிக்கு அனுமதிப்பத்திரம் இன்றியே ஒரு தலைமுறை கழிந்தது. தம் மண் என்று நம்பி வந்தவர்களை நம் சமூகம் எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்ற கேள்வியை வடக்கில் நாம் இன்னும் நேர்மையாக எதிர்கொள்ளவில்லை. இதை எழுதும் நானும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவனே.

2016இன் அந்த மழை வடிந்து சில நாட்களின் பின் நான் கிளிநொச்சிக்குச் சென்றிருந்தேன். மேட்டுநிலக் கிராமம் ஒன்றில், நாவலப்பிட்டிப் பக்கமிருந்து 1977இல் வந்த மூதாட்டி ஒருவர், நனைந்த நெல்லைச் சாக்கில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தமக்கை இன்னமும் மலையில் இருக்கிறார். மழை நாட்களில் அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்ததாகச் சொன்னார்.

“எங்க அக்கா எப்பவும் வைகாசில போன் போட்டா, இங்க மழ கொட்டுது, உங்களுக்குக் காயுதான்னு கேக்கும் தம்பி. இந்தத் தடவ ரெண்டு பேரும் ஒரே மழயில நின்னு பேசிக்கிட்டோம். இங்க தண்ணி கீழருந்து ஏறி வருது, வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கலாம், ஏந்திரிச்சுப் போகலாம். அங்க மழன்னா காது கொடுத்துக் கேட்டுக்கிட்டே படுக்கணும். மல எப்ப எறங்கும்னு யாருக்குத் தெரியும்? எங்க அப்பா ராவெல்லாம் உக்காந்தே இருப்பாரு.”

எந்த வானிலை அறிக்கையிலும் நான் இத்தகைய விளக்கத்தைப் படித்ததில்லை. மழையின் அளவை மில்லிமீற்றரில் கூறலாம். அம்மழையில் ஒருவர் உறங்க முடியுமா என்பதை நிலமும், அந்நிலத்தில் அவருக்குள்ள உரிமையுமே தீர்மானிக்கின்றன.

மலைநாட்டின் மண்சரிவு வரலாற்றைப் புரட்டினால் இது தெளிவாகும். 1989 ஜூன் தொடக்கத்தில் பெய்த மழையில் கேகாலை மாவட்டத்தை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். 2003 மே 17ஆம் திகதி இரத்தினபுரிப் பகுதி மலைகள் சரிந்தன. அந்த அனர்த்தத்தில் இறந்தோர் இருநூறுக்கும் மேல். பதின்மூன்று ஆண்டுகளின் பின் அதே திகதியில்தான் அரனாயக்க புதையுண்டது. பருவக்காற்று தொடங்கும் இந்த வாரங்கள் மேற்குச் சரிவுக்கு ஆபத்தானவை என்பது எவருக்கும் தெரியாத இரகசியமன்று. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்ணுள் புதையுண்டபோது, அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தமை வெளிவந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே இருந்தனர். போவதற்கு அவர்களுக்கென்று ஓரடி நிலம் இருக்கவில்லை. லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். லயன் நிற்கும் மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். 2015இன் பின்னர் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற கொள்கை வந்தது. மலையின் வேகத்தோடு ஒப்பிட்டால் அக்கொள்கையின் நடை மிக மெதுவானது.

அரனாயக்கவில் புதையுண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிங்களக் கிராமத்தவர்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மலை இனம் பார்ப்பதில்லை. ஆனால் சரிவில் யார் வாழ நேர்கிறது என்பதை மலை தீர்மானிப்பதில்லை. காடழித்துத் தோட்டமிட்டவர்களும், காணிக் கச்சேரிகளும், சட்டங்களும், வறுமையும் அதனைத் தீர்மானித்தன.

வன்னிக்கும் இது பொருந்தும். 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தது. புனரமைக்கப்பட்ட இரணைமடுக் குளம் அம்மாதத் தொடக்கத்தில்தான் கோலாகலமாகத் திறந்துவைக்கப்பட்டிருந்தது. வான்கதவுகள் எப்போது திறக்கப்பட்டன, எப்போது திறந்திருக்கவேண்டும் என்ற வாதம் நெடுநாள் நீடித்தது. அந்த வாதத்தில் பொறியியல் இருந்தது, அரசியலும் இருந்தது. ஆற்றங்கரையில் அனுமதிப்பத்திரமின்றி இருந்தவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள் என்ற கேள்வி மட்டும் அதிகம் எழவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது மலையகமும் வன்னியும் மீண்டும் ஒரே மழையில் நனைந்தன. இது வாடைக் காலத்து மழை. ஆகவே வன்னிக்குப் புதிதன்று. ஆனால் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய அழிவுகளின் பின்னர், மலையக மக்கள் வடக்கே வந்து குடியேறலாமே என்ற குரல் எழுவது இயல்பு. அந்தக் குரலில் உள்ள பரிவை நான் ஐயுறவில்லை. ஆனால் 1977இலும் இதே பரிவோடுதான் அழைத்தோம். அழைத்தவர்களுக்கு வாய்க்கால் எட்டாத மேட்டைக் கொடுத்தோம். மீண்டும் அழைப்பதானால், முதலில் வந்தவர்களின் காணிக்கு உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு அழைப்பதே நியாயம். மலையிலேயே வாழ விரும்புவோருக்கு மலையிலேயே பாதுகாப்பான நிலம் வேண்டும் என்பதும் அதேயளவு நியாயம்.

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டு, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. முன்னோர் நடந்த வழியில் அவர்களது சந்ததியினர் இருநூறு ஆண்டுகளின் நினைவாக நடந்தனர். சோளகம் வீசும் கடும் வெயிற்காலம் அது. அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் காணியும் வீடும் முதன்மையானவை. இருநூறு ஆண்டுகளின் பின்னும் கேட்கவேண்டியிருப்பது நிற்பதற்கு ஓரிடம்.

செய்தி மேசையில் அன்று நான் பிரித்தனுப்பிய இரு செய்திகளையும் அண்மையில் பழைய இதழ்க் கட்டிலிருந்து தேடியெடுத்துப் பார்த்தேன். வன்னிச் செய்தியில் இடம்பெயர்ந்த குடும்பங்களின் தொகை இருந்தது. மலைச் செய்தியில் மீட்கப்பட்ட உடல்களின் தொகை இருந்தது. இரண்டிலும் மழையின் அளவு சரியாக இருந்தது. அவர்கள் இருந்த நிலம் யாருடையது என்ற ஒரு வரி இரண்டிலும் இல்லை. அந்த வரியை எழுதத் தவறியவன் நான்தான். இனி மலையிலோ வன்னியிலோ மழைச் செய்தி எழுத உட்காரும் இளம் நிருபர்கள், மில்லிமீற்றரைக் கேட்ட கையோடு அதனையும் கேட்டு எழுதவேண்டும்.